இஞ்சினுக்கு ஒரு பெயர்

பொம்மை ரயிலின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அதன் அழகில்தான் மயங்கி நிற்கிறார்கள். தகரத்தில் செய்த புகைபோக்கி, கையால் தீட்டிய வர்ணம், நகம் அளவே உள்ள ஜன்னல்கள். இவையெல்லாம் அழகுதான்; மறுக்கவில்லை. ஆனால் கதை எழுதும் என் புத்திக்கு அந்தச் சரித்திரத்தில் வேறொரு விஷயமே சுவாரஸ்யமாகப் படுகிறது. உத்தரவு போடுகிறவன் ஒருவன். கீழ்ப்படிய வேண்டிய இஞ்சின்கள் பல. போட்ட உத்தரவு எந்த இஞ்சினுக்கு என்பதை எப்படித் தெரிவிப்பது? இந்தச் சின்னக் கேள்விக்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட விடை கிடைக்க ஏறக்குறைய நூறு வருஷங்கள் ஆயின.

ஜெர்மனியில் கோப்பிங்கன் என்ற ஊரில் 1859-ம் வருஷம் மார்க்லின் என்ற தகர வேலைக்காரர் பொம்மைச் சமையல் பாத்திரங்கள் செய்ய ஆரம்பித்தார். ஏழே வருஷத்தில் அவர் இறந்துபோக, மனைவி கரோலின் தொழிலைக் கைவிடாமல் காப்பாற்றினார். அவர்களுடைய மக்கள் காலத்தில், 1891-ல், லைப்ஸிக் சந்தைக்கு அந்தக் கம்பெனி ஒரு ரயிலைக் கொண்டு வந்தது. சாவி கொடுத்தால் ஓடும் ரயில். தண்டவாளத்தை இஷ்டம்போல் வாங்கிச் சேர்த்துக்கொண்டே போகலாம். சாவி கொடுத்த ரயிலுக்கு உத்தரவு என்பதே கிடையாது. ஓடும், வில் தளர்ந்ததும் நிற்கும். அவ்வளவுதான்.

மின்சாரம் வந்த பிறகுதான் சிக்கலும் வந்தது. தண்டவாளத்தில் மின்சாரத்தைக் கூட்டினால் வேகம், குறைத்தால் நிதானம், இரண்டு கம்பிகளுக்கும் கொடுக்கும் மின்சாரத்தை மாற்றிக் கொடுத்தால் பின்னோக்கி ஓட்டம். ஒரே இஞ்சின் இருக்கும்வரை இதைவிட நல்ல ஏற்பாடு வேறு இல்லை. இரண்டாவது இஞ்சினை வைத்துப் பாருங்கள், இரண்டும் சேர்ந்தே கிளம்பும்! கல்யாணக் கூட்டத்தில் "ஸார்!" என்று ஒரு குரல் கொடுத்தால் பத்துப் பேர் திரும்பிப் பார்க்கிறார்கள் அல்லவா? அந்தக் கதைதான். ஏனென்றால் உத்தரவு இஞ்சினுக்குப் போகவில்லை. தண்டவாளத்துக்குப் போயிற்று.

ஆகவே தண்டவாளத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு விசை வைத்தார்கள். ரயில் ஓட்டுகிறவன் ரயிலைப் பார்ப்பதை விட்டு விசைகளைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று. அமெரிக்காவில் மஸாசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்து மாணவர்கள் 1946-ல் தொடங்கிய மாதிரி ரயில் சங்கம் இந்தச் சிக்கலுடன் வெகு காலம் மல்லுக்கு நின்றது. டெலிபோன் நிலையங்களில் பயன்படும் ரிலேக்களை வாங்கி மேஜைக்கு அடியில் காடுபோல் பின்னினார்கள். ஒரே பாதையில் பலர் தத்தம் ரயிலை ஓட்ட வழி பிறந்தது. அந்தப் பின்னலில் கை பழகிய பிள்ளைகள் சிலர் பிறகு கம்ப்யூட்டர் பக்கம் போனார்கள். இன்று உலகமெல்லாம் புழங்கும் 'ஹாக்கர்' என்ற சொல் அந்தச் சங்கத்தின் பேச்சிலிருந்துதான் கம்ப்யூட்டர் உலகத்துக்குப் போயிற்று. இவ்வளவு கெட்டிக்காரர்கள் கூடியும், உத்தரவு என்னவோ தண்டவாளத்துக்குத்தான் போய்க்கொண்டிருந்தது.

உத்தரவை நேரே இஞ்சினிடமே சொல்லிவிடலாம் என்று துணிந்தவர்களில் அமெரிக்க ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனி முக்கியமானது. 1963-ல் அது 'அஸ்ட்ராக்' என்ற கருவியைக் கொண்டு வந்தது. ஐந்து ரயில்களைத் தனித்தனியே ஓட்டலாம். 1979-ல் இங்கிலாந்தின் ஹார்ன்பி கம்பெனி 'ஜீரோ ஒன்' என்ற பெயரில் பதினாறு இஞ்சின்களை ஆட்டி வைத்தது. 1980-களின் நடுவில் மார்க்லின் எண்பது இஞ்சின்களுக்கு வழி செய்தது. எண்ணிக்கை வளர்ந்ததே ஒழியத் தொல்லை தீரவில்லை. ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு பாஷை. ஒரு கம்பெனியின் கருவியை வாங்கியவன் அந்தக் கம்பெனிக்கே ஆயுள் அடிமை. கம்பெனி அந்தச் சரக்கை நிறுத்திவிட்டால் அவனுடைய இஞ்சின்கள் ஊமையாகவும் செவிடாகவும் அலமாரியில் உட்காரும்.

இந்த இடத்தில்தான் ஒரு நல்ல காரியம் நடந்தது. ஜெர்மனியில் லென்ஸ் என்ற சிறிய ஸ்தாபனம் மார்க்லினுக்கும் ஆர்னால்டு என்ற கம்பெனிக்கும் ஒரு முறையை உருவாக்கிக் கொடுத்திருந்தது. அமெரிக்காவில் 1935 முதல் இயங்கிவரும் தேசிய மாதிரி ரயில் சங்கம், யார் செய்த வண்டியும் யார் செய்த தண்டவாளத்திலும் ஓடவேண்டும் என்று சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் அளவுகளை வகுத்த சங்கம். அது பல முறைகளைப் பரிசீலித்து, லென்ஸின் முறையையே அடிப்படையாக எடுத்துக்கொள்ள அநுமதி பெற்று, விரிவாக்கி, 1993 அக்டோபரில் 'மாடல் ரெயில்ரோடர்' பத்திரிகையில் எல்லோரும் படிக்க வெளியிட்டது. அடுத்த வருஷம் அதுவே பொது விதியாயிற்று. சக்கரத்துக்கு ஒரு பொது அளவு இருந்ததுபோல் பேச்சுக்கும் ஒரு பொதுப் பாஷை ஏற்பட்டது.

அந்தப் பாஷையின் இலக்கணம் எளிது. தண்டவாளத்தில் மின்சாரம் எப்போதும் முழு அளவில் இருக்கும்; ஓயாமல் திசை மாறிக்கொண்டும் இருக்கும். ஒரு திசையில் 58 மைக்ரோ விநாடி, மறு திசையிலும் அவ்வளவே நின்றால் 'ஒன்று'; நூறு நூறு மைக்ரோ விநாடி நின்றால் 'பூஜ்யம்'. ஒன்றும் பூஜ்யமுமாகக் கோத்து, முதலில் இஞ்சினின் எண், பிறகு உத்தரவு, கடைசியில் இவற்றுக்கு ஒரு சரிபார்ப்புக் கணக்கு. இஞ்சினின் வயிற்றில் 'டிகோடர்' என்ற சிறிய சில்லு உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்கிறது. தன் எண் இல்லையென்றால் சும்மா இருக்கிறது. கணக்கு ஒத்துவராவிட்டால், பாதி காதில் விழுந்த பேச்சை நம்பிக் காரியம் செய்யாமல், உத்தரவை உதறிவிடுகிறது. மனிதர்களிடம் அபூர்வமாகக் காணும் குணம்!

டிகோடரின் ஞாபகத்தில் எண்ணிட்ட சிற்றறைகள் உண்டு. முதல் அறையில் இஞ்சினின் எண். இரண்டாவதில், கிளம்பும்போது எவ்வளவு மின்சாரம் என்பது. மூன்றாவதில், எவ்வளவு மெதுவாக வேகம் எடுக்க வேண்டும். நான்காவதில், எவ்வளவு மெதுவாக நிற்க வேண்டும். எட்டாவதில், செய்த கம்பெனியின் எண். கடையிலிருந்து வரும் இஞ்சினுக்குப் பொதுவாக எண் 3 என்றே இருக்கும். அதைத் தனித் தண்டவாளத் துண்டு ஒன்றில் வைத்து நம் இஷ்டப்படி மாற்றி எழுதுகிறோம். இந்தத் துண்டில் பெயர் சொல்லாமலே உத்தரவு போடலாம், நிற்கிறது ஒன்றுதானே! இரண்டை வைத்தால் இரண்டும் ஒரே பெயரைச் சூட்டிக்கொள்ளும்.

இந்தப் பெயர் சூட்டு விழாவில் எனக்கு மிகவும் பிடித்த கட்டம் ஒன்று உண்டு. இஞ்சினுக்கு வாய் கிடையாது. அது பதில் சொல்ல வேண்டுமே, எப்படி? ஆறு மில்லி விநாடி நேரம் அறுபது மில்லி ஆம்பியர் மின்சாரத்தை அதிகமாக இழுக்கிறது. அதற்குப் பொருள் 'ஆம்'. மௌனம் என்றால் 'இல்லை'. பெரும்பாலும் மோட்டாருக்குள் அந்த மின்சாரத்தை விடுவதால், பதில் சொல்லும் போதெல்லாம் இஞ்சின் லேசாகத் துடிக்கிறது. மூன்றாவது அறையில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால் அதனால் நேரே சொல்ல முடியாது. "முதல் புள்ளி ஒன்றா? இரண்டாவது புள்ளி ஒன்றா?" என்று எட்டுக் கேள்விகள் கேட்க வேண்டும். துடிப்பு, மௌனம், துடிப்பு என்று அது பதில் சொல்லி முடிப்பதை ஒரு தடவை பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள்.

மூன்றாவது அறையில் பெரிய எண்ணை எழுதிவிட்டு அந்த இஞ்சினை ஓட்டிப் பாருங்கள். உள்ளங்கையில் அடங்கும் வண்டி, பின்னால் ஆயிரம் டன் இருப்பதுபோல் தயங்கித் தயங்கிக் கிளம்பும். மின்சாரத்தை நிறுத்திவிட்டு ஒரு வருஷம் பெட்டிக்குள் வைத்திருந்தாலும் பெயரையும் மறக்காது, குணத்தையும் மறக்காது.

தனிப் பாஷை வைத்திருந்த ஹார்ன்பி இன்று இந்தப் பொதுப் பாஷையில்தான் பேசுகிறது. மார்க்லின் தன் பாஷையை விடவில்லை. ஆனாலும் அது விற்கும் டிகோடர்கள் பல, இதையும் புரிந்துகொள்கின்றன. அகராதியைப் பூட்டி வைத்தவர்கள் சரக்கை விற்றார்கள், வாஸ்தவம். திறந்து வைத்தவர்களால்தான் ஒருவர் செய்த இஞ்சின் இன்னொருவர் செய்த தண்டவாளத்தில், மூன்றாமவர் கொடுக்கும் உத்தரவைக் கேட்டு, "ஆம்" என்று துடிக்கிறது.