உருகாமையும் உடையாமையும்: மீயுயர் வெப்பநிலைப் பீங்கான்களின் வரலாறு

மண்ணைக் குழைத்துச் சூளையிலிட்ட நாள்தொட்டு, கடுந்தீயைத் தாங்கவல்ல பொருள் யாதென்னும் வினா மனித குலத்தைத் தொடர்ந்து வந்துள்ளது. உருகுநிலை உயர்ந்த பொருளே தீயை வெல்லும் என்பது முன்னோர் கொண்ட எளிய விடை. அவ்விடை போதாதென்பதை 20ஆம் நூற்றாண்டின் வரலாறு உணர்த்துகின்றது.

1892இல் பாரிசு நகரத்து அறிஞர் ஆன்றி முவசான் மின்னுலையொன்றை அமைத்து, அதன் பெருவெப்பத்திற் பல உலோகங்களின் காபைட்டுகளை ஆக்கினார். 1923இல் கொசுத்தரும் எவெசியும் கோப்பன்கேகனிலே, சிர்க்கன் என்னும் கனியத்தில் ஆபினியம் என்னும் தனிமத்தைக் கண்டனர். அக்கனியம் ஈழத்துப் புல்மோட்டைக் கரைமணலிலும் உள்ளது. ஆபினியம் காபைட்டின் உருகுநிலை ஏறத்தாழ 3,958 பாகை சதமளவை என 2016இல் இலண்டன் ஆய்வாளர் அளந்து கூறினர்.

எனினும், வளியிலே காபைட்டு நெடிது நில்லாது. ஒட்சிசன் தாக்க, காபன் வாயுவாகி வெளியேறும். எஞ்சுவது துளைகள் மலிந்த ஒட்சைட்டுப் படையே. அத்துளைகளின் வழியே ஒட்சிசன் மேலும் உட்புகும்.

இவ்வினா விண்செலவு முயற்சியாற் கூர்மை பெற்றது. 1951இல் அமெரிக்க அறிஞர் அலன், மழுங்கிய முனையுடைய கலத்தின் முன்னே அதிர்ச்சியலை விலகி நிற்றலால், வெப்பத்தின் பெரும்பகுதி வளியோடு போய்விடும் எனக் காட்டினார். ஆயின், மழுங்கிய கலம் சறுக்கிப் பறந்து திசைதிரும்பும் ஆற்றலிற் குறைந்தது. கூரிய விளிம்போ அனலை நேரே ஏற்கவேண்டும்.

அதற்கேற்ற பொருளை நாடி, 1960களில் அமெரிக்க வான்படையின் ஆதரவுடன் சிர்க்கோனியம், ஆபினியம் என்பவற்றின் இருபோரைட்டுகள் ஆராயப்பட்டன. இவற்றின் உருகுநிலை காபைட்டினதிலும் தாழ்ந்தது; 3,200 பாகைக்குச் சற்று மேற்பட்டதே. ஆயினும், கனவளவில் ஐந்திலொரு பங்கு சிலிக்கன் காபைட்டைச் சேர்த்தபோது, எரியுந்தோறும் கண்ணாடி போன்ற படலம் தோன்றி உட்பொருளைக் காத்தது. உருகுநிலையில் தாழ்ந்தது காப்பில் உயர்ந்து நின்றது.

1997இல் ஆபினியம் இருபோரைட்டாலான கூர்முனை ஏவுகணையொன்றிற் பொருத்திச் சோதிக்கப்பட்டது. 2000இல் நிகழ்ந்த அடுத்த சோதனையில், கடலிலிருந்து மீட்கப்பட்ட விளிம்புகள் பிளவுண்டு காணப்பட்டன. சேர்மானங்கள் சீராகக் கலவாமையால் உண்டான நலிவு அப்போது புலனாயிற்று. அப்பொருளைத் தோற்கடித்தது உருகுதலன்று, உடைதலே.

உடைதலின் கொடுமையை 2003ஆம் ஆண்டு உலகம் கண்டது. கொலம்பியா விண்ணோடத்தின் இடச்சிறகு விளிம்பு இருபோரைட்டாலானதன்று. காபனிழையால் வலுவூட்டிய காபனாலானது. அதுவும் அனலைத் தாங்கவல்லதே. ஆயினும், புறப்படும்போது எரிபொருட்கலத்தினின்று பெயர்ந்த இலேசான நுரைத்துண்டொன்று மோதி அதனைத் துளைத்தது. பெப்ரவரி 1ஆம் நாள் மீளும் வழியில் அத்துளையூடே அனல் புகுந்தது; எழுவர் உயிர் நீத்தனர்.

உருகுநிலை ஓர் எண் மாத்திரமே. வளியின் அரிப்பையும், திடீர் வெப்பத்தின் அதிர்வையும், மோதலின் தாக்கத்தையும் ஒருங்கே தாங்கும் பொருளே மனித உயிரைக் காக்கும். ஒரு பண்பின் மேன்மை ஏனைய பண்புகளின் குறையை ஈடுசெய்யாது என்பதே இவ்வரலாறு தரும் பாடமாகும்.