லினக்ஸுக்கு வாய் வந்த கதை

போன வாரம் நண்பன் ஒருவனின் பழைய கணினியில் லினக்ஸ் நிறுவினோம். திரை வந்தது, இணையம் வந்தது, சத்தம் மட்டும் வரவில்லை. ஒரு மணி நேரம் மண்டையைப் பிய்த்துக்கொண்ட பிறகு ஆல்சாமிக்ஸர் என்ற கறுப்புத் திரையைத் திறந்தால், ஒலிப் பட்டைக்குக் கீழே இரண்டு 'எம்' எழுத்துகள். ஊமை என்று அர்த்தமாம்! எம் விசையை ஒரு தட்டு தட்டியதும் பாட்டு வந்துவிட்டது. இத்தனை சின்ன விஷயத்துக்கு இத்தனை பாடா என்று தேடப் போனேன். கிடைத்த வரலாறுதான் இந்தக் கட்டுரை. வணிகவியல் படிப்பவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்காதீர்கள், கடைசியில் சொல்கிறேன்.

1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை வெளியிட்டார். அப்போது அதற்கு வாய் கிடையாது. அந்தக் காலத்தில் பிரபலமாக இருந்தது, சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் 1989இல் கொண்டுவந்த சவுண்ட் பிளாஸ்டர் கார்டு. ஹன்னு சவோலைனன் என்ற இன்னொரு பின்லாந்துக்காரர் 1992இல் அதற்கு டிரைவர் எழுதினார். யூனிக்ஸ் குடும்பத்தில் சாதனங்களும் கோப்பு மாதிரிதான். ஒலிக்கென்று டிஎஸ்பி என்ற சாதனக் கோப்பு. ஒலித் தரவை அதில் எழுதினால் ஸ்பீக்கரில் கேட்கும். அவ்வளவுதான்.

ஆனால் கார்டை அடையாளம் காட்டுவதற்குள் உயிர் போய்விடும். முகவரி 220, ஐஆர்க்யூ 5, டிஎம்ஏ 1 என்று எண்களை நாமே கொடுக்க வேண்டும். கார்டில் உள்ள அமைப்போடு அவை பொருந்தாவிட்டால் மௌனம்தான். பல நேரம் கெர்னலையே மறுபடி கம்பைல் செய்ய வேண்டும். பிறகு ரெட் ஹேட் நிறுவனம் இதற்கென்றே ஒரு அமைப்புக் கருவி தந்தது. எல்லாம் சரியாக இருந்தால் அதில் ஒரு குரல் கேட்கும். லினக்ஸ் என்ற பெயரைத் தான் எப்படி உச்சரிப்பேன் என்று லினஸே 1994இல் பேசிப் பதிவு செய்தது! அந்தக் குரலைக் கேட்டவர்களின் சந்தோஷத்தை நினைத்துப் பாருங்கள்.

இனிமேல்தான் சிக்கல். சவோலைனனின் டிரைவர் வளர்ந்து ஓஎஸ்எஸ் ஆனது. 4ஃபிரண்ட் என்ற நிறுவனம் அதைக் கட்டணப் பொருளாக விற்றது. கெர்னலில் ஒரு இலவசப் பதிப்பு, கடையில் ஒரு கட்டணப் பதிப்பு. அதிகமான கார்டுகளுக்கு ஆதரவு கட்டணப் பதிப்பில்தான். சில கார்டு தயாரிப்பாளர்கள் தொழில்நுட்ப விவரங்களைத் தர மறுத்ததால் இலவசமாக எழுதுபவர்களின் கை கட்டப்பட்டிருந்தது.

செக் நாட்டு யாரோஸ்லாவ் கிசேலாவிடம் இருந்தது கிராவிஸ் அல்ட்ராசவுண்ட் கார்டு. அதன் திறமைகளை ஓஎஸ்எஸ் முழுதாகப் பயன்படுத்தவில்லை. அதற்காக அவர் எழுதிய டிரைவரிலிருந்து 1998இல் பிறந்ததுதான் ஆல்சா. டிசம்பர் 2003இல் வந்த 2.6 கெர்னலில் ஆல்சா அதிகாரபூர்வமாக நுழைந்தது, ஓஎஸ்எஸ் ஓரங்கட்டப்பட்டது. கார்டின் ஒவ்வொரு சேனலையும் ஆல்சா தனித்தனியாகத் திறந்து காட்டியது. ஆனால் நிறுவியதும் எல்லாம் ஊமையாகவே தொடங்கும். எங்களைப் படுத்திய 'எம்' அந்தப் பரம்பரைதான்!

அப்போதும் ஒரு குறை. பல கார்டுகளில் ஒரு நேரத்தில் ஒரு நிரல்தான் பேச முடியும். பாட்டு ஓடினால் அரட்டை மணி ஒலிக்காது. ஒலிகளைக் கலந்து கொடுக்கும் பல்ஸ் ஆடியோ 2007இல் ஃபெடோரா 8இல் இயல்பாக வந்தது. 2021இல் ஃபெடோரா 34 பைப்வயருக்கு மாறியது.

வணிகவியலுக்கு வருவோம். 4ஃபிரண்ட் 2007இல் தன் மூல நிரலைத் திறந்துவிட்டது. ஆனால் லினக்ஸ் ஆல்சாவுக்கு மாறி நான்கு வருடம் ஆகியிருந்தது. டிரைவரை விற்றதைத் தப்பு என்று நான் சொல்லமாட்டேன். எழுதியவருக்கும் சோறு வேண்டும். ஆனால் எல்லோரும் நடக்கும் பாதையில் சுங்கச்சாவடி போட்டால், மக்கள் கொஞ்சம் சிரமப்பட்டாவது பக்கத்திலேயே வேறு பாதை போட்டுவிடுவார்கள். லினக்ஸில் நடந்தது அதுதான். வேடிக்கை என்னவென்றால், ஃபிரீபிஎஸ்டியில் இன்றும் ஒலி அந்தப் பழைய ஓஎஸ்எஸ் முறையில்தான் இயங்குகிறது, ஆனால் அவர்களே எழுதிய நிரலோடு. சவோலைனன் போட்ட பாதை நிலைத்துவிட்டது, சாவடிதான் போய்விட்டது.

உங்கள் லினக்ஸும் ஊமையாக இருந்தால் முதலில் எம் விசையைத் தட்டிப் பாருங்கள். அடுத்த கட்டுரையில் சந்திப்போம்.