பூமியின் காந்த வால்

சூரியனிலிருந்து நொடிக்குச் சுமார் 400 கிலோமீட்டர் வேகத்தில் மின்னேற்றத் துகள்கள் ஓயாமல் வீசுகின்றன. இந்தச் சூரியக் காற்று பூமியின் காந்தப்புலத்தைப் பகல் பக்கத்தில் நெருக்கி, இரவுப் பக்கத்தில் நிலவின் பாதைக்கும் அப்பால் நீட்டிவிடுகிறது. நீண்டு கிடக்கும் அந்தப் பகுதிதான் காந்த வால். 1963 நவம்பரில் ஏவப்பட்ட ஐஎம்பி-1 செயற்கைக்கோளின் அளவீடுகளைக் கொண்டு நார்மன் நெஸ் 1965இல் அதன் வடிவத்தை விளக்கினார்.

வாலின் வடபாதியில் காந்தக் கோடுகள் பூமியை நோக்கியும் தென்பாதியில் எதிர்த்திசையிலும் செல்கின்றன. இரண்டுக்கும் நடுவே சூடான அயனிகளும் எலக்ட்ரான்களும் நிறைந்த பிளாஸ்மா தாள் இருக்கிறது. எதிரெதிர்க் கோடுகள் அறுந்து மறுபடி இணையும்போது காந்த ஆற்றல் துகள்களுக்கு வேகமாகக் கைமாறுகிறது. ஒரு பங்கு பூமிப் பக்கம் பாய்ந்து துருவ ஒளியைத் தூண்டுகிறது. மற்றது வெளியே ஓடிவிடுகிறது.

நிலவு 29 நாளுக்கு ஒருமுறை ஏறத்தாழ ஆறு நாள் இந்தக் காந்த வாலுக்குள் தங்குகிறது, பௌர்ணமியை ஒட்டி. தாம்பரத்திலோ வண்டலூரிலோ மொட்டைமாடியில் நின்று முழுநிலவைப் பார்ப்பவர்கள் காண்பது வாலுக்குள் இருக்கும் நிலவைத்தான்.

இந்தியாவின் பங்கு இங்கேதான் வருகிறது. மயில்சாமி அண்ணாதுரை திட்ட இயக்குநராக இருந்த சந்திரயான்-1, 2008 அக்டோபர் 22 அன்று கிளம்பியது. அதில் சென்ற நாசாவின் கனிம வரைவுக் கருவித் தரவுகளை ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் ஷுவாய் லீ குழு மறுபடி ஆராய்ந்தது. வாலுக்குள் சூரியக் காற்று மிகவும் குறைவதால், அது நிலவில் நீரை உருவாக்குவதும் ஏறக்குறைய நிற்கும் என்பதே எதிர்பார்ப்பு. நிற்கவில்லை. பிளாஸ்மா தாளின் உயர் ஆற்றல் எலக்ட்ரான்களுக்கும் இதில் பங்குண்டு என 2023இல் குழு அறிவித்தது. பதினைந்து ஆண்டுப் பழைய தரவு இப்படிப் பேசியது வியப்புதான்.

2019 செப்டம்பரில் சந்திரயான்-2இன் 'கிளாஸ்' எக்ஸ்-கதிர் கருவி, வாலைக் கடந்த முதல் முறையே துகள்களின் ஏற்ற இறக்கத்தைப் பதிவு செய்தது. அதன் முதன்மை வேலை நிலவுத் தரையின் தனிமங்களைக் கண்டறிவது.

மேற்குத் தாம்பரத்து ஸ்ரீ சாய்ராம் பொறியியல் கல்லூரியில் படித்த ப. வீரமுத்துவேல் இயக்கிய சந்திரயான்-3, 2023 ஆகஸ்ட் 23 அன்று நிலவில் இறங்கியது. ஒரு வாரத்தில் பௌர்ணமி. அதன் தரையிறங்கு கலமும் நிலவோடு வாலுக்குள் புகுந்தது. அந்தக் கலத்தின் 'ரம்பா' ஆய்வுமுனை தரையருகே கன சென்டிமீட்டருக்கு 380 முதல் 600 எலக்ட்ரான்கள் இருந்ததாகக் காட்டியது. வாலுக்கு வெளியே சூரியக் காற்றும், உள்ளே பூமிப் பக்கத்துத் துகள்களும் அந்த எண்ணிக்கையை மாற்றிக்கொண்டிருந்தன.