பச்சிளம் குழந்தைகளுக்கான ஆக்சிஜன் அளவுப் பரிசோதனை: பிறவி இதய நோயைக் காலத்தே கண்டறிதல்

பிறக்கும் 1,000 குழந்தைகளில் ஏறத்தாழ 8 அல்லது 9 குழந்தைகளுக்கு இதய அமைப்பில் பிறவிக் குறைபாடு காணப்படுகிறது. அவர்களில் சுமார் நான்கில் ஒரு பங்கினருக்கு முதல் ஆண்டுக்குள், சிலருக்கு முதல் சில நாள்களுக்குள்ளேயே, அறுவை சிகிச்சையோ குழாய்வழிச் சிகிச்சையோ தேவைப்படும். இவை தீவிரப் பிறவி இதய நோய்கள் எனப்படும். கை, கால்களில் பொருத்தப்படும் ஒரு சிறிய உணர்கருவியின் மூலம் இந்நோய்களுள் பலவற்றை அறிகுறி தோன்றுமுன்பே ஐயுற இயலும். இப்பரிசோதனை எவ்வாறு செய்யப்படுகிறது, அதன் முடிவு எதைக் குறிக்கிறது, எதைக் குறிக்காது என்பதைப் பெற்றோரும் பராமரிப்பாளர்களும் அறிந்துகொள்ள இப்பக்கம் உதவும்.

நலமாகத் தோன்றும் குழந்தைக்கு ஏன் பரிசோதனை?

கருவிலிருக்கும் குழந்தை நுரையீரலால் சுவாசிப்பதில்லை. ஆகவே, நுரையீரல் தமனியையும் பெருந்தமனியையும் இணைக்கும் ஒரு சிறு இரத்தக்குழாய் அப்போது திறந்திருக்கும். பிறந்தபின் முதல் சில நாள்களில் இக்குழாய் தானாகவே மூடிக்கொள்ளும். தீவிர இதயக் குறைபாடுடைய சில குழந்தைகளின் உடலுக்கோ நுரையீரலுக்கோ இரத்தம் செல்வது இக்குழாயின் வழியாகவே நடைபெறுகிறது. குழாய் திறந்திருக்கும்வரை குழந்தை நன்றாகப் பால் குடிக்கும். எடை, அழுகை, தூக்கம் அனைத்தும் இயல்பாக இருக்கும். வீடு திரும்பியபின் குழாய் மூடும்போது, சில மணி நேரத்திலேயே நிலைமை உயிருக்கு ஆபத்தாக மாறக்கூடும்.

கருக்கால ஸ்கேன் பரிசோதனையில் எல்லாக் குறைபாடுகளும் தெரிவதில்லை. ஆக்சிஜன் குறைவினால் உண்டாகும் நீலநிறமும் அளவு வெகுவாகக் குறைந்த பின்னரே கண்ணுக்குப் புலப்படும். கருநிற, மாநிறத் தோலுடைய குழந்தைகளிடம் அதனைக் காண்பது மேலும் கடினம். கண்ணால் காண இயலாத இந்த இடைவெளியை நிரப்புவதற்காகவே உணர்கருவி பயன்படுத்தப்படுகிறது.

கருவி செயல்படும் முறை

பல்ஸ் ஆக்சிமீட்டர் எனப்படும் இக்கருவியின் அடிப்படைக் கோட்பாட்டை 1970களின் தொடக்கத்தில் ஜப்பானியப் பொறியாளர் தகுவோ அயோயாகி உருவாக்கினார். கருவி சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் தோலின் ஊடே செலுத்துகிறது. ஆக்சிஜன் ஏற்ற இரத்தமும் ஏற்காத இரத்தமும் இவ்விரு ஒளிகளையும் வெவ்வேறு அளவில் உறிஞ்சுகின்றன. நாடித்துடிப்போடு மாறும் அந்த வேறுபாட்டைக் கணக்கிட்டு, ஆக்சிஜன் செறிவைக் கருவி சதவீதமாகக் காட்டுகிறது. ஊசி குத்துவதில்லை, இரத்தம் எடுப்பதில்லை, குழந்தைக்கு வலியில்லை.

பரிசோதனை செய்யப்படும் முறை

பொதுவாகக் குழந்தை பிறந்து 24 மணி நேரத்திற்குப் பின், வீடு திரும்புவதற்கு முன் பரிசோதனை செய்யப்படுகிறது. வலது கையிலும் ஏதேனும் ஒரு காலிலும் அளவு எடுக்கப்படும். மேற்கூறிய குழாய் இணையும் இடத்திற்கு முன்னுள்ள இரத்தத்தை வலது கையும், பின்னுள்ள இரத்தத்தைக் காலும் காட்டுவதால் இரண்டு அளவுகளும் தேவைப்படுகின்றன. குழந்தை விழித்தபடி, அழாமல், கை கால்கள் வெதுவெதுப்பாக இருக்கும்போது எடுக்கப்படும் அளவே நம்பகமானது.

அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2025-இல் வெளியிட்ட திருத்திய வழிமுறையின்படி முடிவுகள் பின்வருமாறு பகுக்கப்படுகின்றன:

• கை, கால் இரண்டிலும் 95 சதவீதம் அல்லது அதற்கு மேல் இருந்து, இரண்டிற்குமிடையே வேறுபாடு 3 சதவீதப் புள்ளிகளுக்கு மேற்படாதிருந்தால்: தேர்ச்சி.
• ஏதேனும் ஒன்றில் 90 சதவீதத்திற்குக் கீழ் இருந்தால்: உடனடி மருத்துவ மதிப்பீடு.
• இவ்விரண்டிற்கும் இடைப்பட்டிருந்தால்: ஒரு மணி நேரம் கழித்து மீண்டும் ஒருமுறை பரிசோதனை. அப்போதும் தேர்ச்சி பெறாவிடில் மருத்துவ மதிப்பீடு.

முந்தைய வழிமுறையில் கை அல்லது கால் ஏதேனும் ஒன்றில் 95 சதவீதம் இருந்தாலே போதும் எனவும், இருமுறை மீண்டும் பரிசோதிக்கலாம் எனவும் இருந்தது. நோயுள்ள குழந்தை தவறவிடப்படுவதையும் சிகிச்சை தாமதமாவதையும் குறைக்கும் பொருட்டு இம்மாற்றம் செய்யப்பட்டது. மருத்துவமனைக்கு மருத்துவமனை வழிமுறையில் சிறு வேறுபாடுகள் இருக்கலாம்.

ஆய்வுகள் கூறுவன

2014-இல் வெளியான சீன ஆய்வில் 1,22,738 குழந்தைகள் பரிசோதிக்கப்பட்டனர். மருத்துவரின் உடற்பரிசோதனை மட்டும் தீவிர நோயுள்ள 100 குழந்தைகளில் சுமார் 77 பேரைக் கண்டறிந்தது. ஆக்சிஜன் அளவையும் சேர்த்தபோது அவ்வெண்ணிக்கை 93 ஆக உயர்ந்தது. இரண்டும் ஒன்றுக்கொன்று துணை. ஒன்று மற்றொன்றுக்கு மாற்றன்று.

அமெரிக்காவில் 2011-இல் இப்பரிசோதனை தேசியப் பரிந்துரைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அதனைக் கட்டாயமாக்கிய மாநிலங்களில், தீவிரப் பிறவி இதய நோயால் நிகழும் பச்சிளம் பருவ இறப்புகள் ஏனைய மாநிலங்களோடு ஒப்பிடுகையில் சுமார் 33 சதவீதம் குறைந்ததாக 2017-இல் வெளியான ஆய்வு தெரிவித்தது.

தேர்ச்சி பெறாவிடில் அது இதய நோயா?

அவ்வாறு கொள்ள வேண்டியதில்லை. 4,57,202 குழந்தைகளின் தரவுகளைத் தொகுத்த 2018-ஆம் ஆண்டின் காக்ரேன் மதிப்பாய்வின் முடிவை இவ்வாறு விளக்கலாம். நலமாகத் தோன்றும் 10,000 குழந்தைகளுள் 6 பேருக்குத் தீவிர இதய நோய் இருக்கும். பரிசோதனை அவர்களுள் 5 பேரைக் கண்டறியும், ஒருவரைத் தவறவிடும். நோயில்லாத 14 குழந்தைகளையும் ஐயத்திற்குரியவர்களாகக் காட்டும்.

அதாவது, தேர்ச்சி பெறாத சுமார் 19 குழந்தைகளில் 5 பேருக்கே இதய நோய் உறுதியாகும். எஞ்சியோருள் சிலருக்கு நிமோனியா, இரத்தத் தொற்று போன்ற, சிகிச்சை தேவைப்படும் வேறு நோய்கள் இருக்கக்கூடும். எனவே பெற்றோர் அச்சம் கொள்ளவும் வேண்டா. மேல் பரிசோதனையைத் தள்ளிப்போடவும் வேண்டா. இதயத்தின் எக்கோ பரிசோதனையே நோயை உறுதிசெய்யும்.

தேர்ச்சி பெற்றால் கவலையில்லையா?

முழுமையாக அவ்வாறு கூற இயலாது. குறிப்பாக, பெருந்தமனிச் சுருக்கம் போன்ற சில குறைபாடுகளில் ஆக்சிஜன் அளவு இயல்பாகவே இருக்கக்கூடும். இதயச் சுவரிலுள்ள துளைகள் பலவும் இப்பரிசோதனையில் தெரிவதில்லை.

கருவிக்கும் வரம்புகள் உண்டு. கருநிறத் தோலுடையோரிடம் உண்மையான அளவைவிடக் கூடுதலான அளவை ஆக்சிமீட்டர் காட்டக்கூடும் என்பதை, பெரியவர்களிடம் மேற்கொள்ளப்பட்டு 2020-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று எடுத்துக்காட்டியது. கருவி 92 முதல் 96 சதவீதம் வரை காட்டியபோதும் இரத்தப் பரிசோதனையில் 88 சதவீதத்திற்குக் கீழிருந்த நேர்வுகள் வெள்ளையரிடம் 3.6 சதவீதமாகவும் கறுப்பினத்தவரிடம் 11.7 சதவீதமாகவும் இருந்தன. ஆதலால் எண்ணை மட்டும் நம்பாமல், குழந்தையின் நிலையையும் கவனித்தல் வேண்டும். பெரியவர்களுக்கான விரல் கருவியைக் கொண்டு வீட்டில் குழந்தைக்கு அளவெடுப்பது நம்பகமானதன்று.

கண்டறிந்தபின் சிகிச்சை

நோய் ஐயுறப்பட்டதும், மேற்கூறிய குழாய் மூடாமலிருக்கப் புரோஸ்டாகிளாண்டின் என்னும் மருந்து நரம்பு வழியாகச் செலுத்தப்படலாம். குழந்தையைப் பாதுகாப்பாக இதயச் சிகிச்சை மையத்திற்குக் கொண்டுசெல்ல இம்மருந்து அவகாசம் தருகிறது.

எடுத்துக்காட்டாக, பெருந்தமனியும் நுரையீரல் தமனியும் இடம் மாறியமைந்த குழந்தைக்கு, 1966-இல் வில்லியம் ராஷ்கிண்ட் அறிமுகப்படுத்திய பலூன் முறையில் இதய மேலறைகளுக்கிடையே வழி ஏற்படுத்தி இரத்தம் கலக்கச் செய்யப்படுகிறது. பின்னர், 1975-இல் பிரேசில் நாட்டின் அடிப் ஜடேனே வெற்றிகரமாகச் செய்துகாட்டிய தமனி மாற்று அறுவை சிகிச்சையால் இரு தமனிகளும் உரிய இடத்தில் பொருத்தப்படுகின்றன. இது பெரும்பாலும் முதல் சில வாரங்களுக்குள் செய்யப்படுகிறது. காலம் கடந்தால் இதயத்தின் இடது கீழறை, உடல் முழுவதற்கும் இரத்தம் செலுத்தும் வலிமையை இழந்துவிடும். அனுபவமிக்க மையங்களில் இச்சிகிச்சை பெறும் குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர் உயிர் பிழைத்து வளர்கின்றனர்.

பெற்றோர் கவனத்திற்கு

இந்தியாவில் இப்பரிசோதனை எல்லா மருத்துவமனைகளிலும் வழக்கமாகச் செய்யப்படுவதில்லை. எனவே வீடு திரும்புமுன் பின்வருவனவற்றை மருத்துவரிடமோ செவிலியரிடமோ கேட்டறியுங்கள்:

• குழந்தையின் வலது கையிலும் காலிலும் ஆக்சிஜன் அளவு பார்க்கப்பட்டதா?
• அளவு எவ்வளவு? வீடு திரும்பும் குறிப்பேட்டில் எழுதப்பட்டுள்ளதா?
• இதயத்தில் முணுமுணுப்பு ஒலி கேட்டதா? தொடைப் பகுதியில் நாடித்துடிப்பு பார்க்கப்பட்டதா?

பரிசோதனையில் தேர்ச்சி பெற்றிருப்பினும், கீழ்க்காணும் அறிகுறிகள் ஒன்றேனும் தோன்றினால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்:

• உதடு, நாக்கு, ஈறு நீலமாகவோ சாம்பல் நிறமாகவோ மாறுதல்
• வேகமாக மூச்சு வாங்குதல், மூச்சிழுக்கும்போது மார்பு உள்வாங்குதல்
• பால் குடிக்கையில் வியர்த்தல், களைத்துப் பாதியில் நிறுத்துதல்
• எழுப்பியும் எழாத அளவு சோர்வு
• கை கால்கள் சில்லிட்டு வெளிறிப்போதல்

தமிழ்நாட்டில் அவசர ஊர்திக்கு 108 என்ற எண்ணையும் மருத்துவ ஆலோசனைக்கு 104 என்ற எண்ணையும் அழைக்கலாம். 2013 முதல் செயல்பட்டுவரும் ராஷ்ட்ரிய பால் சுவஸ்திய காரியக்ரம் திட்டத்தில், 18 வயது வரையுள்ள குழந்தைகளுக்குப் பிறவி இதய நோய் உள்ளிட்ட குறைபாடுகள் கண்டறியப்பட்டு மேல்சிகிச்சைக்கு வழிகாட்டப்படுகிறது. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலோ மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்திலோ விவரம் பெறலாம்.

இப்பக்கத்திலுள்ள தகவல்கள் பொது விழிப்புணர்வுக்கானவை. தங்கள் குழந்தையைப் பரிசோதிக்கும் மருத்துவரின் ஆலோசனைக்கு மாற்றாகாது.