எதிரிக்கும் மரியாதை தந்த குங்ஃபூ படம்

குங்ஃபூ வீரனும் நிஞ்சாவும் மோதும் பழைய படங்கள் இன்றும் ரசிகர்களைக் கட்டிப்போடுவது ஏன்? சண்டைக் காட்சிகள் மட்டுமே காரணமல்ல. அவற்றின் பின்னால் ஒரு வரலாறும் இருக்கிறது.

1941 டிசம்பர் முதல் 1945 ஆகஸ்டு வரை ஹாங்காங் ஜப்பானியர் பிடியில் இருந்தது. அந்தக் காயம் ஆறாத மக்களுக்கு, ஜப்பானியரைப் புரூஸ் லீ புரட்டியெடுத்த 'ஃபிஸ்ட் ஆஃப் ஃபியூரி' (1972) பெரும் ஆறுதல்.

ஆறே ஆண்டுகளில் நிலைமை மாறியது. சிங்கப்பூரில் வேரூன்றிய ஷா சகோதரர்களின் ஹாங்காங் நிறுவனத்துக்காக லாவ் கார் லியுங் இயக்கிய 'ஹீரோஸ் ஆஃப் தி ஈஸ்ட்' (1978) வெளிவந்தது. சீன மாப்பிள்ளை, ஜப்பானிய மணப்பெண். யார் நாட்டுக் கலை உயர்ந்தது என்று வீட்டுக்குள் தொடங்கும் சண்டையில், மனைவி கோபித்துக்கொண்டு தாய்வீடு போகிறாள். அவளை வரவழைக்கக் கணவன் எழுதும் சவால் கடிதமோ ஜப்பானிய வீரர் பட்டாளத்தையே அழைத்து வந்துவிடுகிறது!

வாள், ஈட்டி, கராத்தே, ஜூடோ என ஒவ்வொன்றுக்கும் நாயகன் கோர்டன் லியூ சீனக் கலையால் பதில் சொல்கிறார். இறுதியில் மோதும் நிஞ்சாவாக ஜப்பானிய நடிகர் யாசுவாக்கி குராத்தா தோன்றினார்.

இத்தனை மோதலிலும் ஓர் உயிர்கூடப் போவதில்லை என்பது குறிப்பிடத்தக்கது. 1982ல் சாங் சே இயக்கிய 'ஃபைவ் எலிமென்ட் நிஞ்சாஸ்' மீண்டும் ரத்தத்தை ஓடவிட்டது. அதற்கும் ரசிகர்கள் உண்டு. ஆனால், பகைவனின் திறமையையும் மதிக்கலாம் என்று போரை மறக்காத ஓர் ஊரில் சொல்லத் துணிந்தது 1978ன் படமே. அதன் ஈர்ப்பும் அதில்தான் அடங்கியிருக்கிறது எனலாம்.