இரண்டு விமானிகள், ஒரே கதவு



ஒரு விமானம் இத்தனை மணி நேரம் பறந்தபின் இன்ன உறுப்பைச் சோதிக்க வேண்டும், இன்ன உறுப்பை மாற்ற வேண்டும் என்று பொறியாளர்களுக்குக் கணக்கு உண்டு. அதற்கும் மேலாக ஒரு விதி உண்டு. ஒன்று தவறினாலும் மற்றொன்று காக்க வேண்டும். அதனால்தான் போயிங் 737 விமானத்திற்கு எஞ்சின்கள் இரண்டு, விமானிகளும் இருவர். இவ்வளவு ஏற்பாடு இருந்தும் நம் ஜொகூர் மண்ணில் நூறு உயிர்கள் ஒருசேர மாண்டன. அது எப்படி?

1977 டிசம்பர் 4, ஞாயிற்றுக்கிழமை இரவு. பினாங்கிலிருந்து கோலாலம்பூருக்கு வந்துகொண்டிருந்த மாஸ் விமானம் சுபாங்கில் இறங்கும் வேளையில் கடத்தப்பட்டது. கடத்தல் செய்தியை விமானியே வானொலி வழி தெரிவித்தார். சிங்கப்பூரை நோக்கித் திரும்பிய விமானம், கேலாங் பாத்தாவை அடுத்த தஞ்சோங் குப்பாங்கில் சதுப்பு நிலத்தில் விழுந்து நொறுங்கியது. பயணிகள் 93 பேர், பணியாளர்கள் 7 பேர், ஒருவரும் பிழைக்கவில்லை. விவசாய அமைச்சர் டத்தோ அலி ஹாஜி அகமதுவும் அவர்களில் ஒருவர்.

விமானிகள் இருவரும் சுடப்பட்டிருக்க வேண்டும் என்றே கருதப்படுகிறது. கடத்தியவர் யார் என்பது உறுதியாகவில்லை.

இங்கே நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது ஒன்று. வீட்டிற்கு இரண்டு பூட்டுப் போட்டு, இரண்டு சாவிகளையும் வாசலில் ஒரே ஆணியில் மாட்டிவைத்தால் என்ன பயன்? ஒருவருக்கு ஒருவர் துணையாக இருந்த இரு விமானிகளும் ஒரே அறையில், ஒரே கதவின் பின்னால் இருந்தார்கள். அக்காலத்துக் கதவோ துப்பாக்கிக்கு முன் நிற்கக்கூடியதன்று.

2001 செப்டம்பர் 11 அன்று அமெரிக்காவில் நடந்த தாக்குதலுக்குப் பிறகே உலகம் விழித்தது. அனைத்துலகச் சேவையில் உள்ள பெரிய பயணி விமானங்களுக்குக் குண்டு துளைக்காத கதவு 2003 நவம்பரில் கட்டாயமானது. ஆனால் 2015 மார்ச் 24 அன்று ஜெர்மானிய விமானமொன்றில், தலைமை விமானி வெளியே சென்ற நேரம் துணை விமானி அதே கதவை உள்ளே பூட்டிக்கொண்டு மலையில் மோதினார். மாண்டவர்கள் 150 பேர். காக்க வந்த கதவே தடையாயிற்று.

ஆகவே, பாதுகாப்பு என்பது ஒருமுறை செய்து முடிக்கும் வேலையன்று. புதிய காப்பு ஒவ்வொன்றையும், அது எப்படித் தவறக்கூடும் என்று மீண்டும் கேட்டுப் பார்க்க வேண்டும்.

தஞ்சோங் குப்பாங்கில் மாண்டவர்களைப் பிரித்து அடையாளம் காண இயலவில்லை. ஜொகூர் பாரு, ஜாலான் கெபுன் தேயில் அவர்கள் ஒன்றாகவே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். அவ்வழியே செல்லும்போது பிள்ளைகளுக்கு அந்த நினைவிடத்தைக் காட்டுங்கள்.