ஷாலுமோவும் வெட்டு மேசையும்

சென்ற மழைக்காலத்தில் என் தம்பி மகன் இரண்டு கொட்டேஷன்களைக் கொண்டுவந்து என் முன் வைத்தான். "இதில் எதை வாங்கலாம் பெரியப்பா?" காலமெல்லாம் கோப்புகளோடு குடித்தனம் நடத்திய குமாஸ்தாவிடம் கேட்கிற கேள்வியா இது? ஆனால் போகிற பணம் என் வைப்புத்தொகை. அதனால் கேட்டான்.

தம்பிக்கு வீட்டின் பின்கட்டில் கேட், கிரில் செய்யும் பட்டறை. நாற்பது வருடம் கேஸ் டார்ச் பிடித்த கை இப்போது நடுங்குகிறது, கோடு நேராக வருவதில்லை. கம்ப்யூட்டரில் படம் போட்டுக் கொடுத்தால் தகட்டைத் தானே வெட்டும் சி.என்.சி. பிளாஸ்மா மேசை வாங்கலாம் என்கிறான் மகன். "அப்புறம் எனக்கு இங்கே என்ன வேலை?" என்று கேட்டுவிட்டுத் தம்பி இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை.

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்கு அந்த டார்ச்சின் பெயர் ஷாலுமோ. ஊதுகிற நாணல் குழலுக்கும் அதே சொல்தான். பெயர் மட்டுமல்ல, அதன் பிறப்பும் பிரான்சில்தான். அசெட்டிலினை ஆக்சிஜனோடு எரித்தால் 3,000 டிகிரிக்கு மேல் சூடு வரும் என்று 1895ல் சொன்னவர் லெ ஷாத்தலியே. வெடித்துத் தொலைக்கும் அந்த வாயுவை அசிட்டோனில் கரைத்துச் சாதுவாக்கும் வழியை 1897ல் கண்டவர் ஜார்ஜ் குளோத். (பின்னாளில் நியான் விளக்கைக் கொடுத்தவரும் இவரே.) ஃபூஷே, பிக்கார் என்ற இருவர் 1903ஐ ஒட்டி டார்ச்சை உருவாக்கினார்கள்.

ஆனால் கேஸ் டார்ச் இரும்பை உருக்கி வெட்டுவதில்லை, எரித்து வெட்டுகிறது. சிவக்கக் காய்ச்சிய இடத்தில் ஆக்சிஜனைப் பீய்ச்சினால் இரும்பே எரிந்து ஓடும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் அலுமினியமும் இதற்கு மசியா. அவற்றின் மேல் படியும் ஆக்சைடு, உலோகத்தைவிட அதிகச் சூட்டில்தான் உருகும். இந்தக் குறையைத் தீர்க்கத்தான் பிளாஸ்மா வந்தது. அமெரிக்காவில் யூனியன் கார்பைடு நிறுவனத்தின் ராபர்ட் கேஜ், மின்வில்லைச் சிறு துளை வழியே நெருக்கிச் செலுத்தினால் அது கத்தியாகிவிடும் என்று கண்டு 1957ல் காப்புரிமை பெற்றார். 1980களில் வெறும் கம்ப்ரசர் காற்றிலேயே ஓடும் சிறு இயந்திரங்கள் பரவின. பட்டறைக்காரனுக்கு எட்டும் விலைக்குப் பிளாஸ்மா இறங்கியது அப்போதுதான்.

மேசையின் வம்சம் வேறு. லியோன் நகரத்து ஜக்கார் 1804ல் துளையிட்ட அட்டைகளால் தறியை ஆட்டிவைத்தார். காஞ்சிபுரத்துத் தறிகளின் மேல் உட்கார்ந்திருக்கும் ஜக்கார்டு அவர் பெயர்தான். இரும்பு வேலையில் அதே யோசனை 1952ல் வந்தது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில், துளையிட்ட நாடாவைப் படித்துக் கடைசல் செய்யும் மில்லிங் இயந்திரத்தை ஓட்டிக் காட்டினார்கள்.

இந்த இரண்டு வம்சத்துக்கும் நடந்த கல்யாணத்தில் சண்டை ஓயவில்லை. அதைக் கண்ணால் பார்த்தோம். மேசை வைத்திருக்கும் ஒரு பட்டறைக்குப் போயிருந்தோம். வில் பற்றும் ஒவ்வொரு முறையும் கம்ப்யூட்டர் உறைந்து நின்றது. மலிவான பிளாஸ்மா பெட்டிகள் உயர் அதிர்வெண் பொறியால் தீப்பற்ற வைக்கின்றன, அந்த இரைச்சல் கம்பி வழியே கம்ப்யூட்டருக்குள் புகுந்துவிடுகிறது. டார்ச்சுக்குள்ளேயே தொட்டு விலகிப் பற்றும் வகையில் இந்தத் தொல்லை மிகக் குறைவு.

இன்னொன்று உயரம். மெல்லிய தகடு சூட்டில் அப்பளம்போல் வளையும். தம்பியின் கை அதற்கேற்ப ஏறி இறங்கும், இயந்திரத்துக்கு அது தெரியாது. மின்வில்லின் வோல்டேஜை அளந்து டார்ச்சை ஏற்றி இறக்கும் கருவி தனியாக வேண்டும்.

இப்போது கொட்டேஷன்களுக்கு வருகிறேன். முதலாவது, 8க்கு 4 அடி ஷீட் முழுதாகப் படுக்கும் பெரிய மேசை. ஆனால் பொறிவகைப் பெட்டி, உயரக் கருவி கிடையாது. இரண்டாவது, 4க்கு 4 அடிதான். தொட்டுப் பற்றும் வகை, உயரக் கருவி உண்டு, காற்றை உலர்த்தும் வடிகட்டி உண்டு, கீழே புகையை அடக்கும் தண்ணீர்த் தொட்டியும் உண்டு. பக்கத்து வீட்டு மாடியில் துணி காயும் தெருவில் அந்தத் தொட்டி சின்ன விஷயமல்ல. விலை ஏறக்குறைய ஒன்றுதான். பையனுக்குப் பெரிய மேசை மேல் ஆசை. ஷீட்டைப் பாதியாக நறுக்கிப் போட ஆளா இல்லை என்று கேட்டேன். தம்பி நிமிர்ந்து பார்த்தான்.

சின்னதையே வாங்கினோம். அலுமினியம் வெட்டும்போது மட்டும் எனக்குப் பயம். துகள் தண்ணீரில் கிடந்தால் ஹைட்ரஜன் கிளம்பும், தீப்பொறி பட்டால் வெடிக்கும். தொட்டியைக் கழுவாமல் அலுமினியம் போடக் கூடாது என்று சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறேன், அலுவலகச் சுற்றறிக்கை பாணியில்.

பிளாஸ்மாவுக்கு ஈரக்காற்று ஆகாது. டார்ச்சின் முனை சீக்கிரம் தேய்ந்துவிடும். எங்கள் கடற்கரைக் காற்றிலோ ஈரத்துக்குப் பஞ்சமில்லை. காலையில் கம்ப்ரசரின் அடி வால்வைத் திறந்து தண்ணீர் வடிப்பது இப்போது தம்பியின் பொறுப்பு. ஒரு டம்ளர் அளவு வருகிறது என்கிறான். மகன் மறந்துவிடுவானாம், அதனால் சாவியைத் தானே வைத்துக்கொண்டிருக்கிறான்.